ஒரு பாட்டு நேரத்து இருள்

மாலையில் விளக்கேற்றியதும் கைகூப்புவது நம் வீடுகளின் வழக்கம். அகல் போய் மின்விளக்கு வந்த பின்னும், திரியைத் தூண்டிய விரல் பொத்தானை அழுத்தத் தொடங்கிய பின்னும், அந்தக் கும்பிடு மட்டும் மாறவில்லை. கொடைக்கானலில் நகராட்சியின் தெருவிளக்குப் பணியாளராக இருந்த வேலப்பன் அந்த வழக்கத்தை வீட்டிலிருந்து வீதிக்குக் கொண்டுவந்தவர். நாயுடுபுரத்துத் தெருமுனைகளில் உள்ள இரும்புப் பெட்டிகளை மாலைதோறும் ஒவ்வொன்றாகத் திறந்து, கைப்பிடியை மேலே தள்ளுவார். குழல்விளக்குகள் கண் சிமிட்டி எரியத் தொடங்கியதும், கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பத்தை நோக்கிக் கைகூப்புவார்.

"என்னண்ணே, கரண்டுக் கம்பத்துக்கெல்லாம் கும்பிடா? அடுத்து அபிசேகம் எப்ப?" என்று தேநீர்க் கடையிலிருந்து யாராவது கேலி பேசுவார்கள்.

"இந்தக் கடைப் பாக்கிய நீ கட்டுற அன்னைக்கு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெட்டிக்கு நடப்பார்.

அவர் பழனிக்காரர். தகப்பனார் சேனாதிபதி, சுவாமி புறப்பாட்டின்போது முன்னே தீவட்டி பிடித்துச் செல்லும் ஊழியத்தில் இருந்தவர். எண்ணெய்ப் புகையும் திருப்பாட்டும் மணந்த வீட்டில் வளர்ந்த மகனுக்கு நகராட்சியில் விளக்கு வேலை கிடைத்தபோது, "நம்ம சோலிதான்டா அதுவும். எண்ணெய்தான் வேற" என்று வாழ்த்தி மலையேற்றி அனுப்பினார். வேலை மலையில் அமைந்தது. வீடு அடிவாரத்தில் நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே குளிர் ஒன்று குறுக்கிட்டது.

மனைவி வடிவு தெற்குக் கிரிவீதியில் பூக்கட்டி விற்பவள். மணமான புதிதில் கணவனுடன் மலையேறியவளால் ஒரு மழைக்காலத்தைக்கூடக் கடக்க முடியவில்லை. மார்பில் இழுப்பு கண்டது. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்தாள். மிஷன் மருத்துவமனையில் டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் குளிர் உனக்கு ஆகாதும்மா. உயிர் வேணும்னா கீழ போயிடு" என்று சொல்லிவிட்டார்.

நகராட்சி வேலையில் ஊர் மாற்றம் கிடையாது. விளக்குக்கு ஞாயிறு என்றும் தீபாவளி என்றும் ஓய்வு கிடையாது. மாற்று ஆள் கிடைக்கிற அபூர்வமான நாட்களில் மட்டும் வேலப்பன் பழனி பஸ்ஸில் இறங்கிப் போவார். ஒரே மகள் சண்முகவள்ளி தகப்பனை விருந்தாளியாகவே கண்டு வளர்ந்து, உடுமலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள்.

நாயுடுபுரத்து வீடுகள் முடிந்து, அப்பாலுள்ள யூக்கலிப்டஸ் தோப்பும் முடிந்து, மலை சட்டென்று முறிந்து பள்ளத்தாக்காக இறங்கும் விளிம்புக்கு வடக்குப் பாறை என்று பெயர். எழுபதுகளின் தொடக்கத்தில், அதுவரை சாலை நீட்டுவதாக நகராட்சி தன் வரவுசெலவுத் திட்டத்தில் சேர்த்தது. விளக்குக்கு ஒரு தலைப்பு, சாலைக்கு வேறு தலைப்பு. விளக்குத் தலைப்பில் ஒதுக்கிய பணம் முந்திக்கொண்டு வந்தது. பாறையில் கம்பம் நட்டு, வெள்ளையாய் எரியும் மெர்க்குரி விளக்கையும் மாட்டிவிட்டார்கள். சாலைத் தலைப்போ அடுத்த ஆண்டுக்குப் போயிற்று. அந்த ஆண்டு அதற்கடுத்த ஆண்டைக் கைகாட்டிற்று. பிறகு நகர்மன்றத்தின் காலமே முடிந்து உறுப்பினர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். வராத சாலையின் முடிவில் ஒற்றை விளக்கு நின்றது. அதன் அடியில் மனிதர் நடந்ததில்லை. காட்டெருமை எப்போதாவது வந்து நின்று பார்த்துவிட்டுப் போகும். ஆயினும் பெட்டி இருக்கிறதே, ஏற்றாமல் விடலாமா? வேலப்பன் தோப்பைக் கடந்து நாள்தோறும் போய் அதையும் ஏற்றி, அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவந்தார்.

ஒருமுறை அவர் பழனிக்குப் போயிருந்தபோது வடிவு சொன்னாள்: "ஏங்க, மலை விளிம்புல ஒரு வெள்ளி தெரியுது. எல்லா வெள்ளிக்கும் முன்னால மொளைக்குது. ஆனா இருந்த எடத்த விட்டு நகரவே மாட்டேங்குது."

வேலப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாறையில் நிற்கும்போது வடக்கே, ஆழத்தில், பழனி மலைக்கோயிலின் விளக்குகள் ஒரு கைப்பிடி முத்தைச் சிதறியதுபோல் தெரிவதை அவர் எத்தனையோ மாலைகளில் கண்டு தொழுதிருக்கிறார். இங்கிருந்து அது தெரிந்தால், அங்கிருந்து இது தெரியாதா என்று அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"வர்ற வெள்ளிக்கிழம அத மட்டும் கடைசியா ஏத்துறேன், நல்லா இருட்டுனப்பறம். நீ பாரு" என்றார்.

அடுத்த முறை அவர் வீட்டுப் படியேறியதும், வடிவு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "ஒரு முழு மாலையக் கட்டி முடிக்கிற மட்டும் காக்க வச்சுட்டீங்களே, நல்லா இருக்கா?" என்று சண்டைக்கு வந்தாள். அந்தச் சண்டையில் இருந்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது!

அன்று முதல் அந்த விளக்கு நகராட்சிக்குத் தெரியாமல் வேறோர் ஊழியமும் செய்தது. கிரிவீதியில் வடிவு உட்காரும் இடத்தில் முதுகுப் பக்கம் ஆண்டவன் மலை. முகத்துக்கு நேரே கணவன் மலை. அந்தி மயங்கும்போது அவள் நாரும் பூவுமாக நிமிர்ந்து தென்திசை பார்ப்பாள். விளிம்பில் வெண்புள்ளி முளைத்ததும் கைகூப்பி, "நல்லா இருக்காரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த முடிச்சைப் போடுவாள். மேகம் மலையை மூடிய நாட்களை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏற்றுகிற கைக்கு மட்டும் பதில் கிடைக்காது. அவள் பார்த்தாளா, பார்த்து என்ன நினைத்தாள் என்பதையெல்லாம் அடுத்த பயணம்வரை அவர் மனத்துக்குள் பொதிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு தை மாதம் அவருக்குக் கடுமையான காய்ச்சல். மாற்று ஆள் தெருவிளக்குகளை ஏற்றினான். பாறையில் யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் தங்கியிருந்த ஒற்றை அறையின் கதவைத் தட்டிக்கொண்டு வடிவு நின்றாள்.

"நீ எதுக்குடி வந்த? டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா?" என்று போர்வைக்குள்ளிருந்து பதறினார்.

"வெளக்கு எரியலை" என்றாள். மூச்சு அதற்குள்ளேயே வாங்கத் தொடங்கியிருந்தது.

"காய்ச்சல்ல கெடந்தேன். மாத்தாளு அங்க போகலை போல."

"மேகம் மூடுனா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். மலை பளிச்சுனு கெடக்கு, வெளக்க மட்டும் காணோம். நான் என்னன்னு நெனைக்கிறது? வெள்ளனே எந்திரிச்சு மொத பஸ்ஸப் புடிச்சேன்."

கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நெற்றியில் பற்றுப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் அவள் நோயாளி ஆகிவிட்டாள். காய்ச்சலோடு எழுந்து அவர்தான் அவளை மருத்துவமனைக்குத் தாங்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. மறுநாள் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நீங்க காகிதம் போட வேணாம், ஆள்கிட்டச் சொல்லி விடவும் வேணாம். அது எரிஞ்சாப் போதும். நீங்க இருக்கீங்கன்னு நான் சோறு திம்பேன்." அதற்குப் பிறகு அவர் காய்ச்சலிலும் பாறைக்குப் போனார்.

மன்றம் இல்லாத ஆண்டுகள் தொடர்ந்தன. தனி அலுவலர் ஒருவரே மன்றமாகவும் தலைவராகவும் இருந்து நகராட்சியை நடத்திவந்தார். மின்வெட்டுக் காலம், எங்கும் சிக்கனம். கீழே வீடோ நடமாட்டமோ இல்லாத விளக்குகளை அகற்றிவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. பொறியியல் பிரிவில் ஓவர்சியராக இருந்த பரமானந்தம் வேலப்பனைக் கூப்பிட்டார்.

"வேலப்பா, அந்த வடக்குப் பாறை லைட்டு யாருக்குய்யா எரியுது? எருமைக்கா? எருமை வரி கட்டுதா?"

உண்மை நாவின் நுனிவரை வந்தது. என் பெண்டாட்டிக்கு என்று ஓர் அலுவலகத்தில் நின்று எப்படிச் சொல்வது? "சாமி பாக்க வர்றவுகளுக்குங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அங்கருந்து பழனிக் கோயில் தெரியும். சாயங்காலம் சனங்க வந்து கும்பிட்டுப் போறாங்க."

"நீ ஒருத்தன் போனா அது சனமா?" என்று பரமானந்தம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஆனாலும் வேலப்பன் சொன்னபடியே எழுதிவைத்தார்.

தனி அலுவலர் நேரில் பார்க்க வருவார் என்று யார் கண்டது? ஒருநாள் மாலை அவரும் பரமானந்தமும் தோப்பைக் கடந்து வந்துவிட்டார்கள். பாறையில் ஈ காக்கை இல்லை. வேலப்பன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அலுவலர் விளிம்புவரை நடந்தார். மேகம் விலகிக் கிடந்த நேரம். கீழே சமவெளி நீலமாய் இருண்டுகொண்டிருக்க, அதன் நடுவே மலைக்கோயில் விளக்குகள் ஒவ்வொன்றாக அரும்பின. அவர் நின்று பார்த்தார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "இது இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

பொய் சொல்லிவிட்டோமே என்று வேலப்பன் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோதே, அந்தப் பொய் மெய்யாகத் தொடங்கியது. அலுவலர் தம் வீட்டாரை அழைத்து வந்தார். அவர்களைப் பார்த்து அண்டை வீட்டார் வந்தார்கள். வில்பட்டியிலிருந்து காய்கறி இறக்க வந்தவர்கள் ஊர் திரும்புமுன் ஒரு நடை எட்டிப் பார்த்தார்கள். நாளடைவில் தோப்புக்குள் ஒற்றையடிப்பாதை விழுந்தது; பாதை விழுந்த இடத்துக்குச் சாலை கேட்டு மனு போயிற்று. பல ஆண்டுகளாகத் தள்ளிக்கொண்டே போன சாலையை, காத்து நின்ற விளக்கு கடைசியில் வரவழைத்தது.

எண்பத்தாறில் தேர்தல் நடந்து மன்றம் மீண்டும் கூடியது. வடக்குப் பாறை அடங்கிய வட்டத்துக்குச் சகாயராணி உறுப்பினரானார். பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எடுத்த காரியத்தை முடிக்காமல் விடமாட்டார். முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே வடக்குப் பாறைக்குக் கைப்பிடிச் சுவரும் பெஞ்சுகளும் பொன்னிறமாய் எரியும் சோடியம் விளக்கு வரிசையும் வாங்கிவிட்டார். பழைய வெள்ளை விளக்கைக் கம்பத்தோடு பிடுங்கினார்கள். வேலப்பனே கயிறு பிடித்தார். தம் மனைவிக்கு ஒரு புள்ளிக்குப் பதில் ஒரு மாலையே தெரியப்போகிறது என்ற மகிழ்ச்சி அவருக்கு.

பிறகுதான் பெட்டிக்குள் வைத்த கடிகாரத்தைக் கண்டார். மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் அதைத் தட்டிக் காட்டினான். "டைம் சுவிட்ச்சு, பெரியவரே. மாலையில அதுவா போடும், காலையில அதுவா அணைக்கும். மழையோ புயலோ, இனிமே ஒருத்தர் வந்து ஏத்தணும்னு இல்லை. நீங்க காலை நீட்டிப் படுக்கலாம்."

அவன் உபகாரமாகத்தான் சொன்னான். வேலப்பனுக்கோ அது வேறுவிதமாகப் பட்டது. நான் செத்தாலும் இது எரியும் என்று எண்ணினார். நான் காய்ச்சலில் கிடந்தாலும், பள்ளத்தில் விழுந்து கிடந்தாலும், இது வேளை தவறாமல் எரிந்து அவளிடம் நல்லா இருக்காரு என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

சகாயராணியிடம் போய் நின்றார். "அம்மா, ஒரே ஒரு வெளக்க மட்டும் கையால ஏத்துற மாதிரி விட்டுடுங்க."

"எதுக்குங்க? உங்க வேலை போயிடும்னு பயமா? ரிப்பேர் பாக்க ஆள் வேணும், நீங்க இருப்பீங்க."

"அதுக்கில்லம்மா..."

"மன்றத்துல சண்டை போட்டு வாங்கின மெஷினு. அதுல ஒண்ணை மட்டும் கழட்டச் சொன்னா என்னைச் சிரிக்க மாட்டாங்களா? காரணம் சொல்லுங்க, கேக்குறேன்."

காரணத்தை அவர் சொல்லவில்லை. பழனிக்குப் போனபோது வடிவும் அந்த வரிசையைப் பற்றிக் கேட்டாள்.

"செவ்வந்தி மால மாதிரி இருக்குங்க, அழகாத்தான் இருக்கு. அதுல நீங்க எது?"

"எல்லாம் நான்தான்" என்று சிரிக்கப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. "எல்லாம் நீங்கன்னா ஒண்ணும் நீங்க இல்ல" என்று சொல்லிவிட்டுப் பூவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கடிகாரத்தைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பின் மாலை நேரங்கள் அவருக்குக் கனத்தன. வரிசை தானாக எரிவதைப் பாறையில் நின்று பார்ப்பார். கை தானாகக் கூம்பும். ஆனால் அது பிறர் ஏற்றிய விளக்கைக் கும்பிடுவதுபோல் இருக்கும். தூரத்தில் மலைக்கோயில், அதன் அடிவாரத்தில் அவளிருக்கும் வீதி. முன்பு அந்தத் தொலைவைத் தம் கையால் ஒரு நொடியில் கடந்துவிடுவார். இப்போது அது தொலைவாகவே கிடந்தது.

ஒருநாள் வரிசையில் ஒரு விளக்கு பழுதாகி விட்டுவிட்டு எரிந்தது. கம்பத்தில் ஏறுமுன் பெட்டியைத் திறந்து மொத்த வரிசையையும் அணைத்தார். பழுதைச் சரிபார்த்து இறங்கிக் கைப்பிடியை மேலே தள்ளினார், ஒன்றும் எரியவில்லை. சோடியம் விளக்கின் இயல்பு அது. எரிந்த சூடு ஆறாமல் மறுபடி பிடிக்காது. பாறை முழுவதும் இருட்டு. அங்கே நின்றிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களும் அடங்கினார்கள். பக்கத்து வெளிச்சம் போனதால், கீழே பழனி விளக்குகள் ஒருநாளும் இல்லாத தெளிவோடு எழுந்து நின்றன. வேலப்பன் அஞ்சி, தகப்பனார் பாடும் திருப்பாட்டை வாய்க்குள் சொல்லத் தொடங்கினார். பாட்டு முடிகிற நேரத்தில் முதல் விளக்கு மங்கலாய்ச் சிவந்து, மெல்லப் பொன்னாயிற்று.

அடுத்த முறை வீட்டுப் படியில் கால் வைத்ததுமே வடிவு கேட்டாள்: "செவ்வாக்கெழம அந்த மால அணைஞ்சு மறுபடி எரிஞ்சுச்சே, நீங்கதான?"

அவர் தலையை மட்டும் அசைத்தார். வெளிச்சம் இனி அவருடையது அல்ல, போகட்டும். இருட்டு இன்னும் அவர் கையில் இருந்தது.

அன்று முதல் மாலைதோறும், கடிகாரம் விளக்குகளை ஏற்றிச் சற்றுப் பொறுத்து, வேலப்பன் பெட்டியைத் திறந்து அணைத்துவிட்டு மறுபடி தள்ளுவார். ஒரு பாட்டு நேரம் இருள். பிறகு ஒளி. நகராட்சி புதிதாய் வாங்கிய இயந்திரம் தினமும் கெட்டுப்போகிறது என்று ஊரில் பேச்சு எழுந்தது. மதுரை மெக்கானிக் இருமுறை வந்து, கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டி, தலையைச் சொறிந்துகொண்டு போனான். மூன்றாம் முறை சகாயராணியே ஒரு மாலை பாறைக்கு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். வேலப்பன் வந்து சாவி போட்டார், அணைத்தார், நிமிர்ந்தார்.

"பேய் பிடிச்ச மெஷினுன்னு நெனச்சேன்" என்றார் சகாயராணி. "பேய்க்குச் சம்பளம் நகராட்சியே குடுக்குதா?"

இருட்டில் முகம் தெரியாதது வேலப்பனுக்குத் தைரியம் தந்திருக்க வேண்டும். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வடிவு சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சாமி பார்க்க வருகிறார்கள் என்று முன்னொரு காலத்தில் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னார். சகாயராணி குறுக்கிடாமல் கேட்டார். கைப்பிடிச் சுவரோரம் நின்ற கூட்டம் பழனியைப் பார்த்து அமைதியாகத் தொழுதுகொண்டிருந்தது. ஒரு விளக்கு சிவக்கத் தொடங்கியது.

"எவ்வளவு நேரம் இந்த இருட்டு?"

"ஒரு பாட்டு நேரம்மா."

"சரி. அவசரத்துல பாட்டைச் சுருக்கிப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அடுத்த கூட்டத்தில், கோயிலைத் தெளிவாகக் காண வசதியாக வடக்குப் பாறை விளக்குகளை அந்தியில் சிறிது நேரம் அணைத்து வைப்பது என்று அவரே தீர்மானம் கொண்டுவந்தார். யாரும் எதிர்க்கவில்லை. முன்பு பொய்யாய்ச் சொன்ன அதே காரணம், இப்போது சொல்லுக்குச் சொல் மெய்யாய் நின்றது.

வேலப்பன் ஓய்வு பெற்று இறங்கி வந்த முதல் மாலை. கிரிவீதியில் வடிவின் பூக்கூடைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மலை கருநீலமாய் எதிரே எழுந்து நின்றது. விளிம்பில் பொன்வரிசை தானாக முளைத்தது. வடிவு நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பூத்தொடுத்தாள். அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை காலம் அனுப்பி மட்டுமே பழகியவர். காத்திருப்பது இன்னதென்று அன்றுதான் கண்டார். புதிய ஆள் அணைக்க மறந்துவிடுவானோ? மழை என்று போகாமல் இருந்துவிடுவானோ? ஒரு முடிச்சுக்கும் மறு முடிச்சுக்கும் நடுவே ஒரு யுகம் கிடந்தது. இவள் இதை எத்தனை மாலைகள் தாங்கினாளோ என்று நினைத்தபோது அவர் கண் நிறைந்தது.

வரிசை அணைந்தது.

வடிவு நாரைப் பிடித்த விரல்களோடு கைகளை உயர்த்தி மலையைத் தொழுதாள். "நல்லா இருக்காரு" என்று முணுமுணுத்து, அடுத்த பூவை எடுத்தாள்.

"ஏ புள்ள, நான் இங்கதான இருக்கேன்" என்றார் வேலப்பன்.

திடுக்கிட்டுத் திரும்பியவள், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "பழக்கம்ங்க. இத்தன நாளும் அதுகிட்டத்தான குடும்பம் நடத்துனேன்." சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: "இப்ப யாரு அணைக்கிறது?"

"தங்கமுத்துன்னு ஒரு ஆளு. பாட்டுத் தெரியாது அவனுக்கு."

"பின்ன எப்ப எரியணும்னு எப்படித் தெரியும்?"

"அதுக்கு அவன் வேணாம் புள்ள. அணைச்சுத் தள்ளிவிட்டா, அந்த வெளக்கே அம்புட்டு நேரம் எடுத்துக்கும்."

அவர் கண் மலையை விட்டு அகலவில்லை. அங்கே இப்போது தோப்பில் பனி இறங்கியிருக்கும். சுவரோரம் சனம் பேச்சடங்கி நிற்கும். யார் யாரோ அங்கிருந்து இந்த வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேண்டி வேண்டி வந்து சேர்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, விட்டுவந்த குளிருக்கு ஏங்குகிற மனத்தை அவரால் அதட்ட முடியவில்லை. தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றப் போவதுபோல் கை ஒருமுறை மேலே போய்த் திரும்பியது. பிறகு இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு தகப்பனாரின் பாட்டைத் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். வடிவு கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இத்தனை ஆண்டுகளாக அந்த இருளுக்குள் இருந்த பாட்டை அன்றுதான் அவள் முதன்முதலாகக் கேட்கிறாள்.

கடைசி அடியை அவர் பாடி முடிக்கையில், மலை விளிம்பில் ஒரு விளக்கு மங்கலாய்ச் சிவந்தது.